வெக்கை: ஒரு நோயின் வரலாறும் நம் மறதியும்

நம் இலக்கிய வட்டத்தின் மில்லர்புரம் கூட்டமொன்றில், கவிஞர் ஒருவர் மாட்டுப் பொங்கலைப் பற்றிய கவிதையைப் படித்தார். கொம்புக்கு வண்ணமும் கழுத்துக்கு மாலையும் நெற்றிக்குத் திலகமும் அக்கவிதையில் அழகுற அமைந்திருந்தன. படித்து முடித்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர், "மாடு சிரிக்கிறதைப் பாடியாச்சு, மாடு செத்ததை யாராவது பாடியிருக்காங்களா அம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் விடை சொல்லக் கடமைப்பட்டிருந்தும் அன்று என்னால் நிறைவாகச் சொல்ல இயலவில்லை. பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது, அக்கேள்வியையே பொருளாகக் கொண்டேன்.

வெக்கை நோய் என்று நம் உழவர்கள் அழைத்த மாட்டுக் கொள்ளைநோயின் வரலாற்றைத் தமிழகத்தை நடுவாகக் கொண்டு கூறுவது இக்கட்டுரையின் நோக்கம். மனிதரின் பெரியம்மை 1980ஆம் ஆண்டு உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதைப் பலரும் அறிவர். அதற்கு அடுத்தபடியாக மனித முயற்சியால் முற்றிலும் ஒழிக்கப்பட்ட நோய் வெக்கை என்பதையும், இந்திய மண்ணில் அது இறுதியாகக் காணப்பட்ட இடம் தமிழ்நாடு என்பதையும் அறிந்தோர் மிகச் சிலரே.

பெயர்கள் கூறும் செய்தி

நோய்களுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களிலிருந்து தொடங்குவது தமிழ் மாணவர்க்குப் பொருத்தமாகும். தொண்டை வீங்கி மூச்சு அடைபட்டு மாடு விழுவது தொண்டை அடைப்பான். சப்பை எனப்படும் தொடைப்பகுதி வீங்கி நொண்டி மடிவது சப்பை நோய். வாயிலும் குளம்பிலும் புண் காண்பது கோமாரி. நன்றாக மேய்ந்துகொண்டிருந்த ஆடு திடீரெனத் துள்ளி விழுந்து மடிவது துள்ளுமாரி. இப்பெயர்களை இட்டவர்கள் நுண்ணோக்கியைக் கண்டவர்கள் அல்லர். ஆயினும் கண்ணால் கண்ட குறியைப் பிறழாமல் பெயரில் பதித்துள்ளனர்.

வெக்கை என்னும் பெயரும் அத்தகையதே. வெம்மை, வெப்பு, வெக்கை என்பன ஒரே வேரினின்று கிளைத்தவை. இந்நோய் கண்ட மாட்டுக்கு முதலில் கடுங்காய்ச்சல் ஏறும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாயின் உட்புறம் புண்ணாகித் தோலுரியும். பின்னர் கழிச்சல் கண்டு உடல் நீரெல்லாம் வற்றி, ஓரிரு வாரங்களுக்குள் மாடு சாயும். பழக்கப்படாத மந்தைக்குள் நோய் புகுந்தால் பத்தில் எட்டு, ஒன்பது மாடுகள் மடிவதும் உண்டு. வெப்பமே நோயின் முதற்குறி ஆதலின், பெயரும் வெப்பத்தைக் குறித்தது.

மாரி என்னும் சொல் கோமாரியிலும் துள்ளுமாரியிலும் வருவதும் எண்ணத்தக்கது. அம்மையும் வெம்மையும் அம்மனின் வருகை என்று கருதி, வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றி, குளிர்விக்க முனைந்த மரபு மனிதர்க்கு மட்டுமன்றி மாட்டுக்கும் உரியதாய் இருந்தது. இம்மரபை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் மனிதருக்கு வரும் தட்டம்மையின் நுண்மியும் வெக்கை நோயின் நுண்மியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மாட்டினின்றே தட்டம்மை மனிதரிடம் வந்திருத்தல் வேண்டும் என்பது இன்றைய அறிவியலார் கொள்கை. மாட்டு நோயையும் மனித அம்மையையும் ஒரே தாயின் பெயரால் அழைத்தவர்கள் இவ்வுறவை அறிந்து அழைத்தனர் என்று நான் கூறவரவில்லை. தொழுவத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு சுவர் மட்டுமே இருந்த வாழ்க்கையில், இரண்டையும் அவர்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்பதே உண்மை.

ஏட்டில் இருந்ததும் இல்லாததும்

தமிழில் விலங்கு மருத்துவம் இல்லாமல் இல்லை. மாட்டு வாகடம், குதிரை வாகடம் என்னும் வகையினவாகிய நூல்கள் சுவடிகளாக வழங்கிவந்தன. அவற்றுட் சில அச்சேறியும் உள்ளன. மாட்டின் சுழி, நிறம், கொம்பு ஆகியவற்றின் இலக்கணமும் நோய்க்குரிய மூலிகை, சூடு ஆகிய மருத்துவமும் அவற்றில் கூறப்படுகின்றன. தனி மாட்டின் நோய்க்கு வைத்தியம் சொல்லும் இந்நூல் மரபு, ஊர் ஊராகத் தாவும் கொள்ளைநோய்க்கு முன் கைகட்டி நின்றது. பிழை நூலாசிரியர்களுடையது அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை உலகில் எந்நாட்டு மருத்துவமும் இந்நோய்க்கு முன் அப்படித்தான் நின்றது.

நம் கடற்கரையின் பழைய சான்று ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தூத்துக்குடிக்குத் தெற்கே தாமிரபரணியின் கழிமுகத்திலிருந்த காயல் துறையைக் கண்டு எழுதினார். பாண்டிய அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார். குதிரை மருத்துவர் இங்கு இல்லை. வணிகர்கள் தங்கள் ஆதாயம் கருதி அத்தகையோர் இங்கு வராமல் தடுத்தனர் என்பது அவர் கூற்று. பயணியின் எண்ணிக்கையை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. எனினும், விலங்கின் சாவிலும் ஒருவர்க்கு ஆதாயம் இருக்கக்கூடும் என்ற செய்தி, முத்தோடு சேர்ந்து இக்கரையின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

சட்டமும் கூடமும்

ஐரோப்பாவை இந்நோய் பலமுறை அலைக்கழித்தது. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1762ஆம் ஆண்டு உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டதற்கு இந்நோயின் கொடுமை ஒரு முதன்மைக் காரணம். 1865ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நோய் புகுந்து பெருஞ்சேதம் விளைத்தது. அடுத்த ஆண்டே, 1866இல், சென்னை மாகாணத்தில் கால்நடை நோய்ச் சட்டம் பிறந்தது. பின்னர் ஹாலன் தலைமையில் அமைந்த ஆணையம் இந்தியக் கால்நடைக் கொள்ளைநோய்களை ஆராய்ந்து 1871ஆம் ஆண்டு தன் அறிக்கையை அளித்தது.

1889ஆம் ஆண்டு புனாவில் அரசின் நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. கொடிய நோய்க்கிருமிகளை மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் வைத்து ஆராய்வது தகாது என்பதால், 1893இல் அஃது இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. லிங்கார்டு என்பவர் அதன் முதல் தலைவர். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த இராபர்ட் கோக், தென்னாப்பிரிக்காவில் வெக்கை நோயை ஆராய்ந்துவிட்டு, 1897ஆம் ஆண்டு முக்தேசுவரத்துக்கும் வந்தார். இக்கூடமே பிற்காலத்தில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. நோய்க்குக் காரணம் வடிகட்டியையும் கடந்து செல்லும் மிக நுண்ணிய நுண்மி என்பதை 1902ஆம் ஆண்டு நிக்கோலும் அதில் பேயும் கான்ஸ்டாண்டிநோபிளில் மெய்ப்பித்தனர். சென்னை வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது.

தொடக்ககாலத் தடுப்பு முறை அச்சம் தருவதாகும். நோய் தாங்கிப் பிழைத்த மாட்டின் குருதிநீரை ஒருபுறமும், நோயுற்ற விலங்கின் குருதியை மறுபுறமும் ஒரே வேளையில் செலுத்துவர். நோயையே ஊட்டி நோயைத் தடுக்கும் இம்முறையில் சிறு பிழை நேர்ந்தாலும் காக்கவந்த கையே கொன்றுவிடும். இதற்கு மாற்றாக, முக்தேசுவரத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் நுண்மியை ஆடு விட்டு ஆடு மாற்றிச் செலுத்தி, அதன் கடுமை குறைவதைக் கண்டார். சென்னை மாகாணத்தில் சாண்டர்ஸ், ஐயர் என்னும் இருவர் 150 ஆடுகளின் வழியே தொடர்ச்சியாக நுண்மியைச் செலுத்தி ஆராய்ந்து, 1936ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். ஓர் ஆட்டின் உடலில் பழகிப் பழகித் தணிந்த நுண்மி மாட்டுக்குக் காவலாயிற்று. சென்னையில் 1932இல் தொடங்கிய மருந்து உற்பத்திக்கூடம் 1948ஆம் ஆண்டு இராணிப்பேட்டைக்கு மாறி, இன்றளவும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையமாக விளங்குகிறது.

கடல் கடந்த நோய்

நோய்க்குக் கால் கிடையாது. அது மாட்டின் காலால் நடக்கும், கப்பலால் கடல் கடக்கும். தூத்துக்குடித் துறையிலிருந்து இலங்கைக்கு அரிசியோடு ஆடு மாடுகளும் சென்றன என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்ககால நூல்கள் கூறுகின்றன. கரிசல் காட்டில் பிறந்த ஆடும் மாடும் கொழும்பு வரை சென்ற வழி இது.

இலங்கையில் இந்நோயின் கதையை எழுத்தில் வைத்துப்போனவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் ஆங்கில இலக்கிய உலகில் பெயர்பெற்ற லெனார்ட் வுல்ஃப். அரசுப்பணியில் இளைஞராக இருந்த அவர், 1906ஆம் ஆண்டு மன்னார் வளைகுடாவின் மறுகரையில், மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பை மேற்பார்வையிட்டார். நம் கடலின் முத்துச்சிப்பியை எண்ணியவர், 1908ஆம் ஆண்டு அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபரானார். அங்கே வெக்கை நோய் வந்தது. நோய் கண்ட மாட்டைக் கட்டிப்போட வேண்டும், அலையும் மாட்டைச் சுட்டுவிட வேண்டும் என்பது ஆணை. மாட்டைக் கட்டிப்போட்டுத் தீனி போடும் வசதி அந்த வறண்ட நாட்டு உழவரிடம் இல்லை. வுல்ஃப் தாமே துப்பாக்கியுடன் சென்றார். மக்களின் வெறுப்பையும் தேடிக்கொண்டார். தாம் செய்தது மக்களின் நன்மைக்கே என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆயினும், அந்த மக்களின் முகத்தில் தாம் கண்டதை அவர் மறக்கவும் இல்லை. தன் ஆட்சி யாருக்காக என்ற கேள்வி அவருள் முற்றி, 1912ஆம் ஆண்டு பணியைத் துறக்கும்வரை அவரை விடவில்லை.

இந்நிகழ்ச்சி கொள்ளைநோய்க் கட்டுப்பாட்டின் உள்முரணைக் காட்டுகிறது. அறிவியல்படி அதிகாரி சொன்னது சரி. ஏர் பூட்ட வேறு மாடு இல்லாத உழவனின் அழுகையும் சரி. இவ்விரண்டையும் இணைக்கும் வழி துப்பாக்கியில் இல்லை. தடுப்பூசியிலும் இழப்பீட்டிலும் நம்பிக்கையிலும் இருந்தது. அதைக் கற்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

காட்டுக்குள் புகுந்தது

வெக்கை தொழுவத்தோடு நிற்கவில்லை. 1880களின் இறுதியில் செங்கடல் வழியே ஆப்பிரிக்காவில் இறங்கிய நோய், பத்தாண்டுகளுக்குள் அக்கண்டத்தின் தென்கோடியை எட்டியது. இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட மாடுகளால் அது சென்றதாகக் கருதப்படுகிறது. மாடுகளோடு காட்டெருமைகளும் மான்வகைகளும் மடிந்தன. எத்தியோப்பியாவில் ஏரும் இன்றிப் பாலும் இன்றி மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் பஞ்சத்தில் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது.

நம் மலைக்காடுகளிலும் இத்துயரம் நேர்ந்தது. 1968ஆம் ஆண்டு முதுமலை, பண்டிப்பூர்க் காடுகளில் வெக்கை பரவி, காட்டுமாடுகள் பெரும் எண்ணிக்கையில் மடிந்தன. பழந்தமிழர் ஆமான் என்று அழைத்த, மலையே எழுந்து நடப்பது போன்ற அவ்விலங்கு, காட்டோரம் மேய வந்த ஊர்மாட்டின் மூச்சுக்கும் எச்சிலுக்கும் தாங்கவில்லை. காட்டைக் காக்க வேண்டுமாயின் காட்டோரத்துத் தொழுவத்தைக் காக்க வேண்டும் என்பதை அந்த ஆண்டு உணர்த்தியது.

ஒழித்த கதை

விடுதலைக்குப் பின், 1954ஆம் ஆண்டு, வெக்கையை நாடு முழுவதும் ஒழிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் மாடு, எருமைகளில் நூற்றுக்கு எண்பதுக்குத் தடுப்பூசி போடுவது இலக்கு. ஊசிக்காரர் மிதிவண்டியில் மருந்துப்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். மருந்து சூடேறினால் வீணாகும். கரிசல் வெயிலோ பெட்டிக்குள்ளும் புகும். ஊசி போட்டால் சினை கலையும், பால் வற்றும் என்னும் அச்சத்தால் மாட்டை ஓட்டி ஒளித்தவர்களும் உண்டு. பாடப் புத்தகத்தில் பெயர் இடம்பெறாத இந்த ஊசிக்காரர்களே இவ்வரலாற்றின் உண்மையான தலைவர்கள்.

நோய் ஒழியக்கூடியதாய் இருந்ததற்கு அதன் இயல்பும் துணைசெய்தது. வெக்கையின் நுண்மிக்கு ஒரே வகைதான் உண்டு. ஆகவே ஒரே ஊசி எங்கும் பயன்படும். ஒருமுறை தாங்கிய மாட்டுக்கு வாழ்நாள் முழுவதும் மறுமுறை வாராது. பிழைத்த மாடு நோயைச் சுமந்து திரிவதும் இல்லை. வெயில் பட்டால் நுண்மி விரைவில் அழியும். கோமாரியோ இதற்கு மாறாக ஏழு வகை நுண்மிகளை உடையது. அதனால்தான் அது இன்னும் நம்மோடு இருக்கிறது. கென்யாவில் வால்டர் பிளௌரைட் 1960ஆம் ஆண்டையொட்டி உயிரணு வளர்ப்பில் உருவாக்கிய தடுப்பு மருந்து, ஆட்டுவழி மருந்தினும் பாதுகாப்பானதாய் அமைந்து, உலகெங்கும் பயன்பட்டது. அதற்காக அவருக்கு 1999ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

வடக்கே நோய் அடங்கியும் தென்னாட்டில் அது நெடுங்காலம் ஒளிந்து கிடந்தது. சந்தை விட்டுச் சந்தை செல்லும் மாடுகளின் ஓயாத நடமாட்டம் அதற்கு ஒரு காரணம். மற்றொன்று ஆடு. 1987ஆம் ஆண்டு விழுப்புரத்துக்கு அருகிலுள்ள அரசூர் என்னும் சிற்றூரில் ஆடுகளிடையே வெக்கை போன்றதொரு நோய் கண்டது. ஆராய்ந்தபோது அது வெக்கையன்று. 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவில் முதன்முதல் விவரிக்கப்பட்ட ஆட்டுக்கொல்லி நோய் என்று தெளிவாயிற்று. இந்தியாவில் அந்நோய் உறுதிசெய்யப்பட்டது அதுவே முதன்முறை. அதே 1987ஆம் ஆண்டில், நாற்பது ஆண்டுகளாக வெக்கையற்றிருந்த இலங்கையில் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுசெல்லப்பட்ட ஆடுகளே அதைக் கொண்டுசென்றன என்பது ஆய்வாளர் முடிவு. அமைதிக்கெனச் சென்றவர்களோடு இதுவும் கடல் கடந்தது. வன்னியிலும் கிழக்கிலும் போரால் நொந்திருந்த தமிழ் உழவர்களின் தொழுவங்களும் இந்நோய்க்குத் தப்பவில்லை.

1992இல் திட்டம் புத்துயிர் பெற்றது. 1995ஆம் ஆண்டு சூன் மாதம் தமிழ்நாட்டின் வடஆர்க்காட்டுப் பகுதியில் கண்ட நோயே இந்தியாவின் இறுதி வெக்கை. அதன்பின் ஊசி போடுவதை நிறுத்தி, நோய் மீண்டும் வருகிறதா என்று ஊர் ஊராகத் தேடிக் காத்திருக்கும் பணி தொடங்கியது. ஊசி போடுவதைவிட நிறுத்துவதற்குக் கூடுதல் துணிவு வேண்டும். 2006இல் இந்தியா இந்நோய்த் தொற்று அற்ற நாடாக ஏற்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு உலகமே வெக்கையினின்று விடுபட்டதாக உலக விலங்குநல அமைப்பும் உணவு வேளாண்மை நிறுவனமும் அறிவித்தன.

அரசூரின் பெயர்

வெக்கை ஒழிந்தது, அதன் உறவாகிய ஆட்டுக்கொல்லி ஒழியவில்லை. வெம்பூர்ச் செம்மறியும் கன்னி ஆடும் வளரும் நம் மாவட்டத்தில், ஏழையின் சேமிப்பு வங்கியில் அன்று, ஆட்டுக்கிடையில் இருக்கிறது. மகள் திருமணத்துக்கும் மகன் படிப்புக்கும் எட்டயபுரம் ஆட்டுச்சந்தையில் விற்பதே அவர்களின் கணக்கு. அந்தக் கிடையில் ஆட்டுக்கொல்லி புகுந்தால் ஓர் இரவில் அக்கணக்கு அழிந்துவிடும். 2016ஆம் ஆண்டின் இறுதியில் மங்கோலியப் புல்வெளியில் சைகா மான்களை ஆயிரக்கணக்கில் கொன்றதும் இந்நோயே. 2030ஆம் ஆண்டுக்குள் இதனை உலகிலிருந்து ஒழிப்பது என்று உலக நாடுகள் இலக்கு வகுத்துள்ளன.

அதற்கு உதவும் தடுப்பூசிகளுள் ஒன்று, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியது. அரசூரில் 1987இல் எடுக்கப்பட்ட நுண்மியினின்று அஃது ஆக்கப்பட்டமையால் 'அரசூர் 87' என்று பெயர் பெற்றது. ஒரு சிற்றூரில் செத்த ஆடுகள், பிற ஊர்களின் ஆடுகளைக் காக்கும் மருந்தில் தம் ஊரின் பெயரை விட்டுச் சென்றுள்ளன. நடுகல் நட்டு வீரனின் பெயரை நிறுத்திய மரபினர் நாம். இதுவும் ஒருவகை நடுகல் என்று சொன்னால் கவிஞர்கள் மறுக்கமாட்டார்கள் என்று எண்ணுகிறேன்.

முடிவாக

என் ஆச்சி விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊரில் பிறந்தவர். அவர் தம் வயதைச் சொல்லத் தெரியாதவர். "வெக்கை வந்த வருசம் எனக்குப் பல்லு விழுந்து முளைச்சிருந்துச்சு" என்பார். அந்த ஆண்டில் அவர் வீட்டு உழவு மாடுகள் இரண்டும் கறவை ஒன்றும் ஒரே வாரத்தில் மடிந்தனவாம். "தொழுவத்துல கயிறு மட்டுந்தான் கிடந்துச்சு, அதையும் அய்யா எரிச்சிட்டாரு" என்று சொல்லி நிறுத்துவார். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்காமல் வீட்டில் வைத்துக்கொள்வது நம் வழக்கம். செல்வம் கயிற்றோடு தங்கும் என்பது நம்பிக்கை. அந்தக் கயிற்றையே எரிக்கவேண்டி வந்த மனிதரின் நிலையைச் சிறுமியாக இருந்த நான் உணரவில்லை. முனைவர் பட்டத்துக்காக எத்தனையோ ஏடுகளைப் புரட்டினேன். வீட்டிலிருந்த இந்த ஏட்டை மட்டும் முழுவதும் கேட்டு எழுதிவைக்கவில்லை. ஆச்சி இன்று இல்லை.

மூத்த உறுப்பினரின் கேள்விக்கு இப்போது என் விடை இது: மாட்டின் சாவு நம் எழுத்தில் அருகியே உள்ளது, பேச்சில் நிறைய இருந்தது. ஆட்சியாளர் அதனை எண்ணிக்கையாக எழுதினர், ஆய்வாளர் நுண்மியாக எழுதினர். உழவர் வீட்டார் அதனை ஆண்டுக் கணக்காகவும் பல் முளைத்த கணக்காகவும் மனத்தில் வைத்திருந்தனர். அந்த மூன்றாவது ஏடு வேகமாகக் குறைந்து வருகிறது. 2019ஆம் ஆண்டு இந்தியாவுக்குள் நுழைந்த தோல் கழலை நோய், கொள்ளைநோயின் காலம் முடிந்துவிடவில்லை என்பதை நினைவூட்டியது. அந்நோயால் மாட்டை இழந்த வீடுகள் நம் அக்கம்பக்கத்திலேயே இருக்கக்கூடும்.

வட்டத்து அன்பர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, தொழுவம் வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம், "வெக்கை வந்த வருசம் ஞாபகம் இருக்கா?" என்று கேளுங்கள். ஊசிக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் கிடைத்தால் அவரிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். கவிதையாக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.